கீழே ஆளில்லாத கோடு

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலில் அன்னதான வரிசையில் நின்றபோது இந்திராதேவி தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணை, உங்கட அஜிதா செய்யிற கேமை எங்கட மகன் நிஷான் எனக்குப் போட்டுத் தந்தவன். சோதிச்சுப் பாக்கக் குடுத்ததாம். விட்டிட்டு எழும்பேலாமக் கிடக்கு. ஆனா கடைசிப் பெட்டி மட்டும் ஓரிடமும் பொருந்துதில்லை. ஆரண்ணை அது?"

பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு வம்சாவழி மரம். பெயர்கள் வேறு. ஆனால் கோடுகள் பிரிந்து இறங்கும் விதமும், பெயர்களைச் சுற்றிய முட்டை வடிவக் கட்டங்களும் என்னுடையவை. இந்த நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். என் கை வரைந்ததை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். சோறு வாங்காமல் காருக்குப் போனேன்.

அது என் அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட நினைவுப் புத்தகத்தில், எங்கள் வழக்கில் கல்வெட்டில், இருந்த மரம். தேவாரங்களுக்கும் புகைப்படங்களுக்கும் பின்னால், யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று சொல்லும் பக்கம். கல்வெட்டைக் கையில் வாங்குபவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். அச்சில் மூன்று பேர். எங்களுக்குச் சரிவராத குடும்பத்தில் போய்க் கலியாணம் செய்த தங்கை புஷ்பவதிக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை என்று முடிவெடுத்தவன் நான். அது சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் வரையும்போது பழக்கத்தில் கை நான்கு பேரையும் வரைந்துவிட்டது. அச்சகத்துக்குக் கொடுக்கும் அன்று காலையில்தான் கண்டு, வெள்ளை மை பூசினேன். பெயரும் கட்டமும் போய்விட்டன. மேலிருந்து இறங்கிய கோடு மட்டும் அரை அங்குலம் மிஞ்சிவிட்டது. முந்நூறு பிரதிகள். ஒருவரும் கவனிக்கவில்லை என்று எட்டு வருடம் நம்பியிருந்தேன்.

மகள் அஜிதா நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். நல்ல கம்பனி வேலையை விட்டு, இரண்டு வருடமாகத் தனியே கைபேசி விளையாட்டுச் செய்கிறாள். கோவிலிலிருந்து நேரே அங்கே போனேன். கதவைத் திறந்ததும் கால் வைக்க இடமில்லை. காலை உணவுப் பெட்டிகளை வெட்டிச் செய்த சிறு அட்டைகள் தரையெங்கும் பரவியிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். சுவரில் பதினொரு வீட்டுக் கல்வெட்டுகளின் மரப் பக்கங்கள் ஒட்டப்பட்டு, ஆள் குறையும் இடங்களில் சிவப்பு வட்டம் போடப்பட்டிருந்தது. நடுவில் எங்களுடையது.

"ஆரைக் கேட்டு எங்கட வீட்டைச் சந்தியில வைச்சனி?"

"மெல்லக் கதையுங்கோ அப்பா. கீழ் வீட்டில குழந்தை நித்திரை."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

அவள் ஒரு அட்டையை எடுத்து விரலுக்குள் உருட்டினாள். "நாலு கேம் துவங்கி நாலையும் எறிஞ்சனான். ஒண்டிலயும் உயிரில்லை. பேந்து ஒருநாள் அப்பம்மான்ர கல்வெட்டைப் புரட்டேக்க இந்தக் கோட்டைக் கண்டன். கீழ ஆளில்லாம ஒரு கோடு ஏன் இறங்குது? ரெண்டு கிழமை வேற ஒண்டும் ஓடேல்ல. அதுதான் கேம். கையில ஒராள் மிஞ்சும். மரத்தில இடமிருக்காது. இடம் வேணுமெண்டா முழு மரத்தையும் முதலில இருந்து கீறோணும்."

"விசர்க் கதை கதையாதை! மற்றவையின்ர மானத்தில விளையாடுறதுதான் உன்ர தொழிலோ?"

"அவ்வளவு மானமெண்டா கோட்டையும் சேத்தெல்லோ அழிச்சிருக்கோணும். படவரைஞர்!"

என் வீட்டில் என்னிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை. மேசையில் கிடந்த அவளுடைய கைபேசியில் அந்த மரம் திறந்திருந்தது. எடுத்து, மிஞ்சிய பெட்டியை அந்தக் கோட்டின் கீழே இழுத்து அழுத்தினேன். பொருந்தட்டும், இந்தக் கூத்து முடியட்டும் என்ற ஆத்திரம். பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. விழும்போது ஒரு சிரிப்புக் கேட்டது. மூக்கால் தொடங்கி, தொண்டையில் சிக்கி, இருமலாக முடிகிற சிரிப்பு. சாப்பாட்டு வேளையில் அப்படிச் சிரித்துப் புரையேறி அப்பாவிடம் ஏச்சு வாங்குகிறவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

"எங்கால எடுத்தனி இதை?"

"புஷ்பவதி மாமி லாவல்ல இருக்கிறா அப்பா. உங்கட வீட்டில இருந்து பாலத்தைக் கடந்தாக் காணும். கேமைக் காட்டினன். தன்ர பெட்டி விழ விழச் சிரிச்சவா. அதைத்தான் போட்டிருக்கிறன்."

"எனக்குத் தெரியாமல் அங்க போய் வாறாய். என்ன? அழி அதை. இப்பவே அழி."

"நாளைக்கு எல்லாரும் இறக்கி விளையாட ஆப் ஸ்டோருக்கு அனுப்பப் போறன். மரத்தை நான் எடுக்கமாட்டன். ஆனா, அண்ணை விரும்பாட்டித் தன்ர சத்தத்தை எடுத்துவிடச் சொல்லி மாமி சொன்னவா." கைபேசியை வாங்கி, ஒலிகளின் பட்டியலைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே எடுங்கோ. எடுத்தா நான் திருப்பிப் போடமாட்டன்."

அவள் குசினிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் அந்தச் சிரிப்பு, மெலிந்து தடித்து மெலியும் ஒரு நீலக் கீற்றாகக் கிடந்தது. முழுவதும் இரண்டு விநாடி. அருகில் சிவப்பாக ஒரு குப்பைத் தொட்டி. ஒருமுறை தொட்டால் போய்விடும். நான் சொன்னதில் பிழையில்லை. அப்பா இருந்திருந்தால் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டார்.

ஒருவரும் தொடாததால் திரை மங்கத் தொடங்கியது. முழுவதும் இருளுமுன், ஒன்றுமில்லாத ஒரு மூலையில் விரலை வைத்தேன். வெளிச்சம் வந்தது. நீலக் கீற்று அப்படியே இருந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் மூலையைத் தொட்டேன்.