குதிரைவாலிக்குள் ஒரு தொந்தி

பக்கத்து வீட்டில் கொலை நடந்திருக்கிறது என்று ராமசுப்பு அண்ணாச்சிக்கு அன்று மத்தியானம் உறுதியாகிவிட்டது. செத்தது தனுஷ்கோடி. கொன்றது கூடப் பிறந்த தம்பி சோலைச்சாமியும் அவன் பெண்டாட்டி முத்துலட்சுமியும்.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணாச்சி அவசரக்காரர் இல்லை. பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மனைவி தீபலட்சுமி போனபிறகு கடையை மூடினார், அப்புறம் வாசல் கதவையும் மூடினார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "எப்படி இருக்கீக?" என்று கேட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எப்படி இருப்பார்? நாலு வருஷமாக அவர் தெருவையே பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலும் கொல்லைச் சுவரும்தான் அவருக்கு உலகம்.

அந்த உலகத்தில் இருந்த ஒரே மனுஷன் தனுஷ்கோடி. ஆள் குள்ளம், குடம் மாதிரி தொந்தி, கல்யாணம் கட்டிக்கொள்ளாத கட்டை. சாயங்காலமானால் அந்தப் பக்கம் கல்லைப் போட்டு ஏறிச் சுவருக்கு மேல் தலையை நீட்டுவார். பாலும் காய்கறியும் அவர் கை வழியாகத்தான் வரும், ஊர் வம்பும் அப்படித்தான். "தொணதொணன்னு உசிர வாங்காதலே" என்று அண்ணாச்சி எரிந்து விழுவார். தலை மறைந்ததுமே அடுத்த சாயங்காலத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தலையைக் கொஞ்ச நாளாகக் காணோம். பால் பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு முத்துலட்சுமி ஓடப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒங்க பெரியவரு எங்க?"

"ஊருக்குப் போயிருக்காக அண்ணாச்சி."

"எந்த ஊருக்கு?"

"கோழி கத்துது, பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவர்கள் வீட்டில் கோழியே கிடையாது!

காரணமும் கைவசம் இருந்தது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்றதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கட்டாந்தரைக்குக்கூட கிராக்கி. அண்ணன் தம்பி இருவருக்கும் பந்தல்குடியில் பாகம் பிரிக்காத புஞ்சைக் காடு கிடக்கிறது. தண்ணிக்குப் போர் போட்ட ரெண்டு தடவையும் புழுதிதான் பறந்தது என்றாலும் நிலம் நிலம்தானே.

நேற்று புருஷனும் பெண்டாட்டியுமாக, வேட்டியில் சுருட்டிய ஒரு மூட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். குள்ளமான மூட்டை, நடுவில் உப்பல்.

"தலையப் பாத்துப் பிடிங்க."

"மெல்லப் பேசு. அண்ணாச்சி காதுல விழுந்தா எல்லாம் போச்சு."

இன்றைக்கு அதை வெளியே எடுத்து, பின்கட்டில் குவித்திருந்த குதிரைவாலித் தானியத்துக்குள் புதைத்தார்கள். அண்ணாச்சி அடுப்படி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். தனுஷ்கோடியின் செல்லுக்கு அடித்துப் பார்த்தார். மணி சோலைச்சாமி வீட்டு அடுப்படியில் அடித்தது. யாரோ அவசரமாக அமத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

லோடு ஆட்டோ கூப்பிடத்தான் போகிறார்கள், பாவிகள்! போலீசுக்குச் சொல்லி அவர்கள் வருவதற்குள் தனுஷ்கோடியைக் கண்காணாமல் கொண்டுபோய்விடுவார்கள். எனக்காக நாலு வருஷம் சுவர் ஏறினவன், அவனுக்காக நான் ஒரு வாசல் தாண்டக்கூடாதா என்று நினைத்தார்.

துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டித் திறந்தார். வெயில் முகத்தில் அறைந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து பின்கட்டுக்கு ஓடினார். குதிரைவாலிக்குள் இரண்டு கையையும் விட்டார். தொந்தி தட்டுப்பட்டது. சில்லென்று, விறைத்துப்போய்.

"ஏலே தனுஷ்கோடி! என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேலே! இனி யாருலே எங்கிட்டப் பேசுவா?"

மார்பில் அடித்துக்கொண்டே வேட்டியை விலக்கினார். தும்பிக்கை வந்தது.

அண்ணாச்சியின் ஒப்பாரி பாதியில் நின்றது. திரும்பினால் மாலையும் கற்பூரமுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். இடது காதில் ஒரு துண்டு இல்லை. தண்ணி லாரி பின்னால் வந்து இடித்த காது. அன்றைக்குத் தீபலட்சுமி அந்தக் காதுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள்.

"இது எங்க வீட்டு வாசப் பிள்ளையாருல்ல?"

முத்துலட்சுமி கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ரெண்டு போரும் ஏமாத்திருச்சு. களவாண்ட பிள்ளையாரக் காட்டுல வச்சாத் தண்ணி வரும்னாக. வைக்கிறதுக்கு முன்ன தண்ணியிலயும் தானியத்துலயும் போட்டு எடுக்கணும்ல. ஒடையவுகளுக்கு மட்டும் தெரியக்கூடாதாம். பெரியவரு ஒங்க மூஞ்சியப் பாத்தா ஒளறிருவாக. அதான் போனப் பிடுங்கிட்டுக் காட்டுலயே தங்க வச்சிட்டோம்."

உயிரோடுதான் இருக்கிறான்! அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கோபமும் தாங்கவில்லை.

"களவாணிப் பயலுகளா! ஊர்ல இல்லாத பிள்ளையாரா? எங்க வீட்டுப் பிள்ளையாருதான் கெடச்சாரா?"

சோலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "வெளக்கு எரியிற சாமியத் தூக்கப் பயமா இருந்துச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தீபலட்சுமி ஒரு நாள்கூட விளக்கை விட்டதில்லை. வெளியூர் போனால் எண்ணெய் வாங்கிக் கொடுத்துப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள். நாலு வருஷமாக அவள் சாமி இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனது வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை. தொந்தியில் ஒட்டியிருந்த குதிரைவாலியை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"என்னைக்கு வைக்கிறீக?"

"நாளைக்குக் காலம்பற."

"நான் எதையும் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வண்டியில எனக்கொரு எடம் வையி."

"பெரியவருகிட்டச் சொல்லிரட்டுமா அண்ணாச்சி?"

"சொல்லாத. என்னப் பாத்து அவன் முழிக்கிற முழிய நான் பாக்கணும்."

வெளியே வந்தார். தன் வீட்டு வாசலோரத்துப் பிள்ளையார் பீடம் காலியாக, பறவை எச்சமாகக் கிடந்தது. துண்டை உதறி அதைத் துடைக்கக் குனிந்தார். தெருவில் போன பால்காரர் முனீஸ்வரன் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

"அண்ணாச்சியா! எப்படி இருக்கீக?"

அண்ணாச்சி துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"நாளைக்குப் பந்தல்குடி போறேன்யா" என்றார்.