மைக்கைத் திறந்தால் பூ தெரியும்

சகாயசெல்வி டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை காலையில், தொப்பம்பட்டிப் பக்கத்தில் செங்காந்தள் பூக்கிற ஒரு கண்வலிக்கிழங்குத் தோட்டத்தில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நின்றவருக்கு மூக்கோடு காதும் சேர்ந்து சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளை வகுப்பைவிட்டு நகர்த்தாமலே ஊர் ஊராகக் காட்டுவார்களாம். மெய்நிகர் களப்பயணம் என்று அதற்குப் பெயர். அதன் ஒருங்கிணைப்பாளர் ரொனால்டு போன் மேல் போன் போட்டு, "ரெண்டு பள்ளிப் பிள்ளைங்களும் ஒரே பலகையில எழுதி, சேர்ந்து படிக்கப் போறாங்க மேடம்" என்று ஆசை காட்டினார். டீச்சரும் நம்பினார். தன் எட்டாம் வகுப்பிலிருந்து நாகஜோதியைத் தேர்ந்தெடுத்தார். தோட்டம் அவள் வீட்டுத் தோட்டம், பேச்சும் அவளுக்கு நன்றாக வரும். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த இணையப் பலகையில் படமும் குறிப்புமாக ஒன்பது சீட்டு ஒட்டினாள். "நான் பேசறத அம்புட்டுப் பேரும் கேப்பாங்களாங்க டீச்சர்?" என்று தினமும் கேட்டாள்.

அன்று காலையில் பலகையைத் திறந்தால் ஒன்பது சீட்டையும் காணோம். யாரோ ஒரு நிபுணரின் பாடம் வண்ணப் படங்களோடு உட்கார்ந்திருந்தது. இவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி, எழுத முடியாது. பயணம் தொடங்கியதும் மைக்கையும் அங்கிருந்தே பூட்டிவிட்டார்கள்.

'பாப்பா பேசினா நேரம் போதாது மேடம். நிபுணர் விளக்குவார். நீங்க பூவை மட்டும் காட்டுங்க' என்று ரொனால்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தோட்டம் இவர்களுடையது, டேட்டா டீச்சருடையது, பெயர் மட்டும் அவர்களுக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நாகஜோதி முகம் சுண்டிப்போய், அம்மா பொன்னழகுவோடு வேலை பார்க்கப் போய்விட்டாள். வெயில் ஏறுவதற்குள் பூப்பூவாக மகரந்தப் பொடியை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைத்தாக வேண்டும். விட்டால் காய் பிடிக்காது.

திரையில் நிபுணர் முழங்கிக்கொண்டிருந்தார். "தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கின்றன. விவசாயி காத்திருந்தால் போதும்." வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு பேச்சு! அப்போது சென்னையில் ஒரு குழந்தை பலகையில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டியது: 'அந்த அக்கா பூவை என்ன செய்றாங்க?'

நிபுணர் சிரித்தார். "அது கிராமத்துப் பிள்ளை, சும்மா விளையாடுது. நாம அடுத்த படத்துக்குப் போவோம்."

அது நாகஜோதியின் காதில் விழுந்தது. பூவைத் தொடப் போன கை அப்படியே நின்றது. "வெளையாடறனாங்க டீச்சர்?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

இப்படிச் சொல்ல அந்த ஆளுக்கு எப்படி நாக்கு வந்தது? பேச மைக் இல்லை, எழுத அனுமதி இல்லை. ஆனால் கேமரா தன் கையில்தானே இருக்கிறது என்பது சகாயசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியைத் தரையைப் பார்க்கத் திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பொன்னழகுவின் பட்டன் போன் அலறியது. தோட்டக்காரர் எண் என்று ரொனால்டு வாங்கி வைத்திருந்தார். டீச்சர் எடுத்தார்.

"மேடம், வெறும் மண்ணுதான் தெரியுது!"

"மண்ணேதான் சார். நல்லாப் பாருங்க."

"பூவைக் காட்டுங்க மேடம். நூத்தியிருபது பிள்ளைங்க காத்திருக்காங்க."

"எம்புள்ள ஒரு வாரமாக் காத்திருக்கா. மைக்கைத் தொறந்து விடுங்க, பூ தெரியும். இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும் மண்ணுதான்."

"நிபுணர் கோவிச்சுக்குவார் மேடம்..."

"கோவிச்சுக்கட்டும். நான் காலையில இருந்து வேற என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்?"

மைக் திறந்தது. டீச்சர் கேமராவை நாகஜோதியின் விரல்களுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"வணக்கமுங்க. நான் நாகஜோதி. வெளையாடலீங்க" என்று ஆரம்பித்தாள். முதல் வார்த்தையில் மட்டும் குரல் உடைந்தது. "இந்தப் பூவுல பொடி ஒரு பக்கம் இருக்குமுங்க, காய் புடிக்கிற நுனி வேற பக்கம் திரும்பிக்கும். பூச்சி வரும், இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா அதையே நம்பி உக்காந்தா பத்துப் பூவுக்கு ஒரு காய் தேறுறதே கஷ்டமுங்க. அதனால நாங்களே தொட்டு வெக்கறோம். இதா, இப்படி."

பலகையில் சீட்டு மேல் சீட்டாக விழத் தொடங்கியது. கை வலிக்காதா? மழை பெய்தால்? ராத்திரி பூத்த பூவைத் தொடலாமா?

"வெயில் ஏறுதுங்க. கை வேலை பாத்துக்கிட்டே சொல்றேன், ஒண்ணொண்ணாக் கேளுங்க" என்று அவள் அடுத்த பூவுக்கு நகர்ந்தாள். பொன்னழகு தலை நிமிராமலே சிரித்துக்கொண்டார்.

பதினேழாவது சீட்டில் நிபுணரின் பெயர் இருந்தது: 'ஒரு நாளைக்கு எத்தனை பூ தொடுவீர்கள்?'

பட்டன் போனில் ரொனால்டு இன்னும் இருந்தார். "மேடம், சாரோட கேள்வியை முதல்ல எடுத்துக்கலாமே?"

"வரிசையில வரட்டும் சார்" என்றார் சகாயசெல்வி.