வாட்ச்காரர் நட்ட லாவெண்டர்

எதையும் பிரித்துப் பார்க்காமல் வாட்ச்காரருக்கு இருப்புக் கொள்ளாது. கடையில் கடிகாரம் பிரிப்பது பிழைப்பு, சரி. வீட்டில் ரேடியோ, மிக்ஸி, பக்கத்து வீட்டுப் பூட்டு எதையும் விட்டுவைத்ததில்லை மனிதர்.

அவர் மனைவி நர்ஸ். எப்போதும் நைட் டியூட்டி. ஊர் கண் விழிக்கும் நேரத்தில் வந்து, படுக்கையறையின் கனத்த திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். ஜன்னலுக்கு வெளியே பழைய லாவெண்டர் புதர் ஒன்று. வெயில் ஏற ஏற அதன் வாசனை உள்ளே கசியும். அப்போது கட்டில் மெல்ல மிதக்கத் தொடங்கும் என்பாள். அந்த மிதப்பில்தான் அவளுக்குத் தூக்கம். மற்ற இடங்களில் புரண்டு புரண்டு படுத்துவிட்டுச் சிவந்த கண்ணோடு எழுந்துவருவாள்.

குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வேறு இடத்தில் மாடி வீடு ஒன்று பார்த்தாயிற்று. புதரோ அடித்தண்டெல்லாம் விறகாகிக் கிடந்தது, பெயர்த்தால் பிழைக்காது.

"எனக்கு அங்க தூக்கம் வராதுங்க" என்றாள். சும்மா சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள்.

"கிளையை வெட்டி வச்சா வேர் விடுமாம். வீடியோ பார்த்தேன். நீ கவலைப்படாம தூங்கு."

பூக்காத இளங்கிளைகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டினார். அடி இலைகளை உருவினார். மணலும் மண்ணும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்புகளில் நட்டு, சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தார். கோணலாக இருந்த ஒரு கிளையை மட்டும் வேண்டாமென்று சமையல் மேடையிலேயே போட்டுவிட்டார்.

அதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் வாட்ச்காரர் தன் வேலையைக் காட்டினார். வேர் விட்டதா இல்லையா என்று தெரியாமல் எப்படி இருப்பது? தினமும் காலையில் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கடிகாரப் பல்சக்கரம் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொரு கிளையாக வெளியே எடுத்துப் பார்த்தார். மயிரிழை போல ஒன்று தெரிந்தால் குதித்தார். திரும்ப நடும்போது அது ஒடிந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கருத்துத் தலைசாய்ந்தன.

கடைசிக் கப்பைக் குப்பையில் போட்ட அன்று கடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. ஊரார் கடிகாரத்தையெல்லாம் ஓட வைப்பவர், மனைவிக்கு ஒரு செடியைப் பிழைக்க வைக்கத் துப்பில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். அவளிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "பரவாயில்லைங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

வீடு மாறும் நாள் வந்தது. டியூட்டி முடிந்து வந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு துணிகளைக் கட்ட, அவர் படுக்கையறைத் திரையைக் கழற்றினார். வெளிச்சம் குபுக்கென்று உள்ளே கொட்டியது. ஜன்னல் விளிம்பில், இத்தனை நாளும் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஒரு பேப்பர் கப். அதில் அந்தக் கோணல் கிளை, உச்சியில் புதுத் துளிரோடு.

"இதை யாரு வச்சது?"

அவள் திருதிருவென்று விழித்தாள். படுக்கையை விட்டு எழுந்தாலும் அரை மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு முழிப்பு வரும். வீட்டுச் சாவியை ஒருநாள் ஃபிரிட்ஜில் வைத்தவள்.

"நானா? ஒரு செடி நட்ட மாதிரி, எந்திரிச்சதும் குடிச்ச மிச்சத் தண்ணியைத் திரைக்குப் பின்னாடி ஊத்துற மாதிரி... அதெல்லாம் கனவுன்னுல்ல நெனச்சேன்!"

அவள் தூங்கும்போது அந்த அறைக்குள் அவர் காலடி வைப்பதில்லை, மற்ற நேரத்திலும் அந்தத் திரையை விலக்கியதில்லை. அதனால் பிழைத்தது.

அவர் கை தானாகச் சட்டைப்பைச் சாமணத்துக்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. அதுவும் தூங்கட்டும்."

வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். கப் அவர் மடியில். வெயில் பட்டதும் லேசாக வாசனை எழுந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அவள் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. நல்ல தூக்கம், வாய்கூட லேசாகத் திறந்திருந்தது.

கப்பைச் சற்று உயர்த்தி அடி ஓட்டையில் வேர் தெரிகிறதா என்று பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது. உயர்த்தினால் தோள் அசையும். வீடு வந்துசேரும்வரை அவர் அசையவே இல்லை.