பின்பக்க இடது மவுண்டிங்

அந்த டிப்போவில் பேருந்து இன்ஜினை நான்கு ஆட்கள்தான் தோளில் தாங்குவார்கள், சப்பரம் தூக்குகிற மாதிரி. அவர்களுக்கு மவுண்டிங் என்று பெயர்.

பேச்சித்தாய் அங்கே ஆய்வாளர். பி.இ. படித்தவள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரிக்குள் போனது அவள் அப்பா மட்டும்தான். சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார்.

காலை வண்டி குலுங்கியது. உள்ளே முழுக்கப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள். வழியெல்லாம் மலைப்பாதை. இன்ஜின் கழன்றால் பிள்ளைகள் பள்ளத்தில். வண்டியை நிறுத்தினால் பரீட்சை போச்சு.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் இறங்கினாள். அடிப்பக்கம் நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. குடித்துவிட்டு நடந்தாள்.

முன்பக்க இருவரும் நலம். பின்பக்க வலது கொட்டாவி விட்டார், விரிசல் இல்லை. பின்பக்க இடது, மாடக்கண்ணு. அவர் தோளில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பியது. துடைத்தால் அபசகுனம் என்று ஒருவரும் துடைத்ததில்லை.

அவள் துடைத்தாள். தோள் ரப்பர் பிளந்திருந்தது. கடப்பாரை வைத்து நெம்பினாள். நல்ல தோள் என்றால் அசையக்கூடாது. இன்ஜின் ஒரு முழம் எழும்பியது.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"வலியெல்லாம் போயி ரொம்ப நாளாச்சு தாயி. ரோட்டையே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. ஊருக்கு மேல்பக்கம்னு ஒண்ணு இருக்காமே?"

மேலாளர் குணசீலன் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தனத்தைத் திரும்பப் பூசிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாற்று மவுண்டிங் அடுத்த வருஷம்தான் வருமாம். மாடக்கண்ணு குடும்பமே தாங்கிப் பழகிய குடும்பமாம்.

பேச்சித்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. கடப்பாரையை அவர் தோளில் வைத்து நெம்பினாள். அசையவில்லை. விரிசல் இல்லை. ஒரு நாளும் பாரம் ஏறாத ரப்பர்.

"ஸ்பேர் இருக்கு சார்."

"எங்க?"

"நீங்கதான்."

அவர் தன் தோளைத் தடவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்ததை அவராலும் மறுக்க முடியவில்லை. மாடக்கண்ணு இருந்த இடத்தில் அவரை நிறுத்தி அவள் போல்ட்டை முறுக்கினாள்.

பேச்சித்தாயும் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பியது. குலுங்கவே இல்லை. பிள்ளைகள் மாடக்கண்ணுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தார்கள். அவர் மரம், மாடு, மொட்டைமாடி என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிக் கேட்டார். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்கள். அடியிலிருந்து குணசீலன் முனகியது பாட்டு மாதிரிக் கேட்டது.

மணி அடிக்கும் முன்பே பரீட்சை வாசலில் வண்டி நின்றது. மாடக்கண்ணு கழுத்தை வெளியே நீட்டி மேலே பார்த்தார். அந்த நீலமாக இருப்பது என்ன என்று கேட்டார். வானம் என்றாள் பேச்சித்தாய்.

"அத யாரு தாயி தாங்குதாக?"

பேச்சித்தாய் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.