வெண்டிப் பிஞ்சுப் பச்சை

“அக்காவின்ரை ஆட்டைத் திவசம் முடியுமட்டும் இந்த வீட்டுச் சுவரிலை ஒருத்தரும் பெயின்ற் அடிக்கப்படாது.”

எங்கள் வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த விஷயம் இது. அதைக் காலை எட்டரை மணிக்கு, ஹோலின் நடுவில் நின்று, பெயின்ற் அடிக்க வந்தவருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

அம்மா தேநீரோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா கைபேசியைக் காதுக்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தார். லண்டனிலிருந்து, எனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாய் அனுப்பிய குரல் செய்தி. அது மட்டும் நிற்காமல் கதைத்துக்கொண்டிருந்தது.

“...ஹோலுக்கு ஐவரி அண்ணை. ரீவி வைக்கிற சுவர் மட்டும் கோப்பிக் கலர். உந்தப் பச்சையை எடுத்துவிடுங்கோ. பச்சை இப்ப ஒருத்தரும் அடிக்கிறேல்லை. ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு.”

சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டுமென்று நான் அன்று எழும்பவில்லை. ஆனால் இரண்டு கிழமையாகக் கட்டிலுக்குக் கீழே ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். அப்பா ஓம் என்றால் அதை அவிழ்ப்பேன். இல்லையென்றால் தூக்குவேன். இவ்வளவுதான் கணக்கு.

என்னைப் பேச வைத்தது ஒரு கலண்டர். பெயின்ற் அடிக்க வந்த ஜெறோம் அண்ணை சுவரைச் சுரண்டுவதற்காக அதைக் கழற்றினார். கழற்றியதும் அதன் பின்னால் இருந்த சதுரம் தெரிந்தது. மற்றச் சுவரெல்லாம் வெயிலும் அடுப்புப் புகையும் பட்டு மங்கிப்போயிருக்க, அந்த இடம் மட்டும் அடித்த அன்று இருந்த பச்சையில் இருந்தது. வெண்டிப் பிஞ்சின் பச்சை.

“இதிலை கனகாலம் ஒரு பெரிய படம் இருந்திருக்கு என்ன?” என்று கேட்டார்.

“சாமிப் படம்” என்றார் அம்மா. யோசிக்கக்கூட இல்லை.

அது சாமிப் படம் இல்லை. நாங்கள் நாலு பேரும் நின்று எடுத்த படம். அக்கா எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை போட்டிருப்பாள். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பின்னேரம் நான் வீட்டுக்கு வர, படம் இருந்த ஆணியில் கலண்டர் தொங்கியது.

“எந்த அக்கா?” என்றார் அப்பா இப்போது. கைபேசியை அணைத்துவிட்டார்.

“உங்கடை மூத்த மகள். கஜந்தினி. இன்னொருக்கால் சொல்லட்டோ?”

“சாருஜா, உள்ளுக்கை போ. பிறத்தி ஆள் நிக்கிறார்.”

“நிக்கட்டும்.”

ஜெறோம் அண்ணை சுரண்டியைக் கீழே வைத்தார். “ஐயா, செத்தவீடு நடந்த வீடோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“ஒரு செத்தவீடும் நடக்கேல்லை. நீர் சுரண்டும்.”

அது உண்மைதான். எங்கள் வீட்டில் செத்தவீடு நடக்கவில்லை. அக்கா மட்டும்தான் செத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து ஒரு வருடம் முடிகிற நாளில் ஆட்டைத் திவசம் செய்வார்கள். அது முடியும்வரை அந்த வீட்டுக்கு நிறம் அடிப்பதில்லை, கலியாணம் வைப்பதில்லை. அப்பா இதையெல்லாம் விடுகிற ஆள் இல்லை. ஆடி பிறந்தால் நல்ல காரியம் தொடங்கக் கூடாதென்று ஆனியிலேயே நாள் பார்த்து, வியாழக்கிழமை நல்ல நேரத்தில்தான் முதல் சுவரில் சுரண்டியை வைக்கச் சொன்னார். ஆவணியில் எனக்குக் கலியாணம். அக்கா செத்தது மாசியில்.

அந்தப் பச்சை அக்கா கொண்டுவந்தது. சாதாரண தரச் சோதனையோடு அவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை படித்தால் காணுமாம். மானிப்பாயில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குப் போனாள். பெயின்ற் கலக்கிற மெசினில் நின்றாள். பழைய நிற அட்டைகளைக் கடையில் எறியப் போனால் எனக்குக் கொண்டுவந்து தருவாள். பின்பக்கம் வெள்ளை, நல்ல தடிப்பு. அதில்தான் நான் உயர்தரத்துக்கு இரசாயனக் குறிப்பு எழுதினேன். ஒரு பக்கம் அசற்றிக் அமிலம், மறுபக்கம் முப்பத்தாறு வகை நீலம். எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி என்று அப்பா என்னைக் கோயிலில் அறிமுகப்படுத்துவார். அந்தப் பட்டம் அக்கா பொறுக்கின அட்டைகளின் முதுகில் எழுதப்பட்டது.

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றபோது அவளே மெசினில் நின்று இந்தப் பச்சையைக் கலந்தாள். அட்டையில் இருந்த பச்சை கண்ணைக் குத்துதென்று கொஞ்சம் மஞ்சள் கூட்டி, கொஞ்சம் வெள்ளை கூட்டி. நானும் அவளும்தான் அடித்தோம். அப்பா தோட்டத்தால் வந்து பார்த்துவிட்டு, “உது வெண்டிப் பிஞ்சு நிறமெல்லோ” என்றார். அது அவர் சந்தோஷப்படுகிற விதம்.

அந்தக் கடைக்கு வள்ளத்துக்குப் பெயின்ற் வாங்க வந்தவர்தான் தனுஷன். மயிலிட்டி. கடற்றொழில். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். எங்கடை ஆக்கள் இல்லை. வேறு ஒரு குறையும் அவரில் யாரும் சொல்லவில்லை. அக்கா அவரோடு போனாள். மூன்றாம் நாள் கலண்டர் வந்தது.

மாசியில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை தப்பியது. அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. தனுஷன் அப்பாவுக்கு அழைப்பெடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனாராம். இது எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும். கடைசி வருடச் சோதனை முடியட்டும் என்று இரண்டு பேரும் மறைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் காலையில் புட்டுச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போய்ச் சோதனை எழுதினேன். அக்கா மண்ணுக்குள் போன அன்று நான் எழுதிய தாளில் எனக்கு ஏ.

சொன்ன அன்றே அம்மா ஒரு கட்டளையும் போட்டார். “அவளுக்கு ஒண்டும் செய்யச் சொல்லி அப்பாட்டைக் கேக்கப்படாது. அவரும் செத்துப்போவார்.”

நான் நாலு மாதம் கேட்கவில்லை.

“இஞ்சை பார் பிள்ளை.” அப்பா கதிரையை விட்டு எழும்பினார். குரலைத் தாழ்த்தினார். “உனக்குப் படிச்சும் உது விளங்கேல்லை. கட்டிப் போன பெட்டைக்குப் பெத்த வீட்டிலை மூண்டு நாள்தான் துடக்கும் தீட்டும். மூண்டு நாளும் நான் கோயில் பக்கம் போகேல்லை. மச்சம் மாமிசம் தொடேல்லை. கேட்டுப் பார் கொம்மாவை.”

இது எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீழே பார்த்தார். ஒரு நொடி எனக்கு அப்பாவில் இரக்கம் வந்தது. அடுத்த நொடி அவர் சொன்னது மூளைக்குள் போனது.

“கட்டிப் போனவளோ?” என்றேன்.

“ஓம்.”

“ஆர் கட்டிக் குடுத்தது? நீங்கள் குடுத்தனீங்களோ? மூண்டு வருசமா உங்கடை வாயாலை என்ன சொன்னனீங்கள்? அது கலியாணமே இல்லை, ஓடிப்போன கேஸ் எண்டு சொல்லேல்லையோ?”

“கதைக்காதை.”

“கதைப்பன். கலியாணம் நடந்ததெண்டால் மூண்டு நாள் சரி. நான் ஒண்டும் கேக்கேல்லை. அப்ப மயிலிட்டியிலை உங்களுக்கு ஒரு மருமகன் இருக்கிறார். நாலு மாசத்திலை ஒரு பேத்தி இருக்கிறாள். இண்டைக்கே போய்ப் பாருங்கோ. நடக்கேல்லையெண்டால், செத்தது இந்த வீட்டுக் குமர்ப்பிள்ளை. இந்த வீட்டிலை ஒரு வருசம் காத்திருக்க வேணும். ரெண்டிலை எது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைச் செய்வம்.”

அப்பா சைவமும் சாத்திரமும் தெரிந்த மனிதர். கோயிலில் யாருக்கு எத்தனை நாள் துடக்கென்று சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். அவருடைய கணக்கையே எடுத்துத்தான் நான் அவருக்கு முன்னால் வைத்தேன். எந்தப் பக்கம் பிடித்தாலும் அக்கா வந்து நின்றாள்.

ஜெறோம் அண்ணை சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். “எங்கடை ஆக்களிலையும் வருசப் பூசை முடியுமட்டும் கறுப்புத்தான் உடுக்கிறது, ஐயா.”

எனக்கு அது தெரியும். போன மாதம் நான் மயிலிட்டிக்குக் களவாகப் போய்விட்டு வந்தேன். தனுஷன் கறுப்புச் சேட்டோடு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகும்போதும் அதுதானாம். உப்புப் பட்டு, தோளெல்லாம் வெளிறிப்போயிருந்தது. வீட்டுக்குள் மூன்று சுவர் வெறும் சீமெந்து. நாலாவது, பிள்ளைக்குச் சேலையால் ஏணை கட்டியிருந்த பக்கம், வெண்டிப் பிஞ்சுப் பச்சை. வயிற்றுப் பிள்ளையோடு நின்று அக்காவே அடித்தாளாம். மற்ற மூன்றையும் பிள்ளை பிறந்த பிறகு அடிப்போம் என்றாளாம். தனுஷனின் தாய் மார்கிரட் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வருசப் பூசைக்காவது உங்கடை பக்கத்திலையிருந்து ஒராள் வருமோ மோனை?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

“எங்களுக்கு ஒரு பிள்ளை எண்டெல்லோ மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியிருக்கு.” அம்மாவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. “இனி என்னெண்டு மாத்திக் கதைக்கிறது? உனக்காகத்தானே எல்லாம். லண்டனுக்குப் போனால் ஒருத்தரும் உன்னை அவளின்ரை தங்கச்சி எண்டு சொல்லாயினம்.”

“நான் அவளின்ரை தங்கச்சிதான்.”

“வாயைப் பொத்தடி. சனம் கேக்கப் போகுது.”

கையிலிருந்த தேநீரை அம்மா ஜெறோம் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த பெயின்ற் ரின்னின் மேல் வைத்தார். கடதாசிக் கப். எங்கள் அலுமாரியில் பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. அவர் வந்த நாளிலிருந்து கடதாசிக் கப்பில்தான் தேநீர். குடித்ததும் எறிந்துவிடலாம். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டியதே இல்லை.

கைபேசி மறுபடி சத்தம் போட்டது. அப்பா பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டார்.

“அண்ணை, சொல்ல மறந்துபோனன். நான் வந்து நிக்கிற பின் அறைக்கு லாவெண்டர் அடிச்சால் வடிவா இருக்கும். சாருஜாவுக்கு எது விருப்பம் எண்டும் ஒருக்கால் கேளுங்கோ, என்ன?”

பின் அறை அக்காவின் அறை. நிறத் தெரிவு தொடங்கிப் பதினாறு நாள் ஆகிறது. எனக்கு எது விருப்பம் என்று இப்போதுதான் ஒருவர் கேட்டார். அவருக்கும் நான் யாரென்று தெரியாது.

“அப்பா, நான் ஆறு மாசம் பிந்திக் கலியாணம் வைக்கச் சொல்லித்தான் கேக்கிறன். பேரைச் சொல்லி, சோறு படைச்சு, ஒரு நாள். அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுற நிறம். நீங்கள் சொல்லுற மாப்பிள்ளை. வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

இதற்கு மேல் இறங்கி எனக்குக் கேட்கத் தெரியாது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சதுரத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். அம்மா பக்கத்தில் போய், “இஞ்சேருங்கோ” என்றார். அது போதுமாயிருந்தது.

“ஜெறோம்,” என்றார் அப்பா, “நீர் அடியும்.”

ஜெறோம் அண்ணை என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நான் வேலைக்கு வந்தனான்” என்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை. வெள்ளை அடிப்பூச்சு ரின்னைத் திறந்து, ஒரு தடியால் கலக்கினார். நிறம் கூடின இடத்துக்கு முதலில் ஒரு பூச்சு வைத்துத் தடுக்காவிட்டால், எத்தனை தரம் ஐவரி அடித்தாலும் கீழே கிடக்கிறது மேலே தெரியுமாம். அதனால் முதல் தூரிகையை அந்தச் சதுரத்தில்தான் வைத்தார். மேலிருந்து கீழே. அக்காவின் தலை இருந்த பக்கத்திலிருந்து.

நான் அறைக்குள் போய்ப் பையை எடுத்தேன். இரண்டு மாற்றுடுப்பு, பட்டச் சான்றிதழ், நிற அட்டைகளில் எழுதிய குறிப்புகளில் ஒரு கட்டு. லண்டனிலிருந்து வந்த சேலையைக் கட்டிலில் விரித்து வைத்தேன். அதோடு வந்த மோதிரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தேன்.

அம்மா வாசலில் மறித்தார். “எங்கை போறாய்?”

“மயிலிட்டிக்கு.”

“எத்தினை நாளைக்கு?”

“மூண்டு சுவர் கிடக்கு அம்மா. பிள்ளையும் கிடக்கு.”

“லண்டன்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எடியே, உன்னைத்தான் கேக்கிறன், என்னத்தைச் சொல்லுறது?”

“ஒரு பிள்ளை எண்டு சொன்னனீங்கள்தானே. இனி அதிலையும் ஒண்டைக் குறைச்சுச் சொல்லுங்கோ.”

அம்மாவின் கை கதவு நிலையிலிருந்து இறங்கியது. அப்பா திரும்பவில்லை. அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். சதுரம் முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டது.

படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். மயிலிட்டிப் பக்கமாகச் சுன்னாகம் போகிற பஸ் உடுவில் சந்திக்கு ஒன்பதே காலுக்கு வரும். நடந்தால் பிடிக்கலாம். நடந்தேன்.