கதவைச் சாத்தி ஒரு சோதனை

கண் பரிசோதனை வண்டிக்கு இருட்டு வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, எழுத்துப் பலகைக்கு மட்டும் விளக்குப் போடுவார்கள். ஆகையால் புது ஜெனரேட்டரையும் கதவைச் சாத்தித்தான் சோதிக்க வேண்டும் என்றார் டிரைவர். அவருடைய மச்சினன் அதைத் தன்மேல் உள்ள சந்தேகமாக எடுத்துக்கொண்டான்.

மச்சினனை எல்லாரும் சுவிட்சு என்றே கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு சுவிட்சையாவது தட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டான். வெகுகாலம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் சொந்தமாகக் கடை போட்டிருந்தான். இது அவனுக்கு முதல் பெரிய வேலை. வண்டியை நடத்துகிற நிர்வாகத்தின் மேனேஜரிடம் சொல்லி அதை வாங்கிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. வண்டியில் கண் பார்ப்பவள் அவள். வண்டியை ஓட்டுபவர் அவள் புருஷன்.

அதற்கு முன் பழைய ஜெனரேட்டர் தனியாக இருந்தது. போகிற இடத்தில் அதை இறக்கித் தள்ளி வைத்து, நீள வயரை வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஏற்றி இறக்கியே டிரைவரின் இடுப்பு போயிற்று. அதனால்தான் புதியதை வண்டியின் அடியிலேயே இரும்புக் கூண்டு கட்டிப் பொருத்தச் சொன்னது நிர்வாகம். இனி வயருக்கு வேலையில்லை. அக்கா அதைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரைக்குப் புதிதாக மிதியடி வாங்கிப் போட்டாள்.

கதவு திறந்திருந்தபோது எல்லாம் நன்றாகவே ஓடியது. விளக்கு, மின்விசிறி, கண் பார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான் சுவிட்சு.

"பாருங்க மாமா, மீட்டர் ஊசி அசையுதா? கல்லு மாதிரி நிக்குது. இன்னும் என்ன பாக்கி? பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு கேள்வி கேக்கலையே."

"அப்ப கேக்காம விட்டதுக்கும் சேத்துத்தான் இப்ப கேக்கறேன், மாப்ள."

"நான் இங்கதான் இருக்கேன்," என்று வண்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாய மூடிட்டு வேலையப் பாருங்க."

மேனேஜர் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் முகாம். வண்டி வருமா, வராதா என்பதுதான் அவர் கேள்வி.

டிரைவர் ஏற்பாட்டைச் சொன்னார். முகாம் நாளில் எப்படியோ அப்படியே அக்கா உள்ளே உட்கார வேண்டும். அவர் முன் இருக்கையில் இருப்பார். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அவ்வப்போது அவள் பலகையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். விளக்கு மங்கினால் அதில் தெரிந்துவிடும்.

"மனப்பாடமாச் சொல்லக் கூடாது. பாத்துப் படிக்கணும்."

"சரிங்க வாத்தியாரே," என்று கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள். வெளியே காத்திருக்கும் ஆட்கள் நடுவில் திறந்து வெளிச்சத்தை விட்டுவிடுவார்கள் என்பதால் அது அவள் பழக்கம்.

முதல் தடவை கணீரென்று படித்தாள். "கடைசி வரி வரைக்கும் தெரியுது. உங்களுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்," என்று ஒரு குத்தலும் வந்தது. கொஞ்ச நேரத்தில், "என்னடா, கருகின வாசம் வருது?" என்றாள்.

"புது சைலன்சர்க்கா. மொத தடவ சூடேறும்போது பெயின்ட் கருகும். தானா அடங்கிடும்," என்று வெளியிலிருந்து கத்தினான் சுவிட்சு.

தம்பி சொன்னால் அவளுக்குச் சரிதான். இரண்டாவது தடவையும் படித்தாள், குத்தல் இல்லாமல்.

மூன்றாவது தடவை டிரைவர் கேட்டும் குரல் உடனே வரவில்லை. வந்தபோது நடு வரியில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்கிறவள்.

"என்ன ஆச்சு? தலை வலிக்குதா?"

"இல்லங்க... காலைல சாப்பிடல. அதான்."

காலையில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அவர் தட்டில் மிச்சம் வைத்ததைக்கூட அவள்தான் வழித்துப் போட்டுக்கொண்டாள்.

"நிறுத்து மாப்ள! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே இறங்கிப் பின்பக்கம் ஓடினார். ஜெனரேட்டர் நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் கை தாழ்ப்பாளைத் தேடித் தேடித் தகரத்தில் உரசுவது கேட்டது.

"மேல... இன்னும் மேல... இழு!"

தாழ் விலகியதும் அவள் படிமேல் சரிந்தாள். டிரைவர் தாங்கிக்கொண்டார். அங்கேயே வாந்தி எடுத்தாள். சுவிட்சு தண்ணீருடன் ஓடிவந்தான்.

அவள் மூச்சு சீரானதும் அவன் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தான்.

"அக்கா," என்றான் பிறகு. "சைலன்சருக்கு நேர் மேல ஒரு ஓட்டை இருக்கே. இது எதுக்கு?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வயர் ஓட்டைடா."

"வயர் எங்க?"

இத்தனை நாளும் அது அவர்களுக்கு வயர்தான். ஓட்டையாக ஒருநாளும் பட்டதில்லை. வயர் போன பிறகு மிதியடி அதைக் கண்ணுக்கு மறைத்தது; புகையைத் தடுக்கவில்லை.

"அப்ப எம்மேல தப்பு இல்..." என்று ஆரம்பித்த சுவிட்சு, வாக்கியத்தை முடிக்காமல் வெளியே வந்து நின்றான்.

மேனேஜருக்கு டிரைவரே போன் போட்டார். "நாளைக்கு வண்டி வராது சார்." காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். சுவிட்சு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டிரைவர் கேட்டார்: "தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டாவது தடவ படிக்கும்போதே."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"சொன்னா அவன் பேரு கெட்டுரும். கொஞ்சம் பொறுத்தா அடங்கிடும்னு நெனச்சேன்."

"அடங்கித்தான் இருக்கும்," என்றார் அவர்.

மறுநாள் சுவிட்சு ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தான். புகைக்குழாயை வண்டிக்கு வெளியே நீட்டினான். டிரைவர் ஸ்க்ரூ டிரைவரால் உள்தாழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சுவிட்சே உள்ளே ஏறினான்.

"இந்தத் தடவ நான் உக்காரறேன்."

கதவு சாத்தப்பட்டது. அக்கா வெளியே நின்றாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே அவன் பலகையைப் படிப்பதும் கேட்டது. எல்லாம் சரியாகவே இருந்தது.

"மாப்ள, தலை வலிக்குதா?"

"இல்ல மாமா." பதில் உடனே வந்தது.

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். அவர் போய்க் கதவைத் திறந்தார். திடீர் வெளிச்சத்தில் கண் கூச உட்கார்ந்திருந்தான் சுவிட்சு.

"நல்லாத்தான இருக்கேன் மாமா?"

"அத நீ சொல்லாத. எழுந்து நட."

அவன் இறங்கி, நேராகவே நடந்து காட்டினான். திரும்ப ஏறி உட்கார்ந்தான். டிரைவர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, எதுவும் கேட்காமல், மறுபடியும் திறந்தார்.