கிழக்கோரத்து வீட்டு விடியல்

தாயில்பட்டி லைன் வீடுகளில் கிழக்கோரத்து வீட்டுக்கு மட்டும், போன ஐப்பசியிலிருந்து, மூன்றரை மணி நேரம் முன்னதாக விடிந்துவிடுகிறது. பொழுது அடைவதும் அப்படித்தான், மற்ற வீடுகளில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது அங்கே இருட்டிவிடும். வெளிச்சம் வாசற்படியோடு நின்றுகொள்ளும், தெருவில் ஒரு சாண்கூட விழாது. முதல் வாரம் வெம்பக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். பிறகு தக்காளி விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் குடியிருந்த வள்ளித்தாய்க்குத்தான் போக்கிடமில்லை. அவள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். அங்கே பல்பு கிடையாது, வேலையெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். ஊர்ப் பகலெல்லாம் கம்பெனியில் உழைத்துவிட்டு, இருட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வந்து, உலை வைத்து, பாத்திரம் தேய்த்துப் படுத்தால், கண் அசரும் நேரத்துக்கு இமையில் வெயில் வந்து உட்காரும். ஜன்னலைச் சாத்தினாள், சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள், போர்வையை இரண்டாக மடித்து முகத்தில் போட்டாள். வெயிலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

ஒருநாள் மருந்து ரூமில் அவள் கையிலிருந்த சல்லடை நழுவித் தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே இருந்த எல்லோரும் மூச்சு விட மறந்தார்கள். போர்மேன் கண்ணுச்சாமி அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "ஏத்தா, நீ தூங்கி விழுந்தா நீ மட்டுமா போவ? அம்புட்டுப் பேரும் போவோம். இன்னொரு கொட்டாவியப் பார்த்தேன், அப்புறம் வேன்ல ஏறாத" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். அவள் புருஷன் பெயர் ஊர்க்காவலன், லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன். எப்போதாவது வீட்டுக்கு வந்தவன், "இங்கன மனுசன் தூங்கவே கூடாதா?" என்று கேட்டுவிட்டு லாரிக்கே போய்ப் படுத்துக்கொண்டான். மேற்கே ஒட்டிய வீட்டு முருகம்மாள் பெரிய மனசு பண்ணி, "என் வீட்ல வந்து படு" என்றாள். வள்ளித்தாய் ஒரே ஒரு தரம் போய்ப் படுத்தாள். முருகம்மாள் பேச்சுக்குச் சூரியனே தேவலை.

இத்தனைக்கும் காரணம் ஊர்க்காவலன் கொண்டுவந்த வேஸ்ட் பேப்பர்தான் என்று முதலில் நினைத்தார்கள். சிவகாசியில் அய்யாதுரை அச்சாபீசுக்கு ஒரு டூரிஸ்ட் கம்பெனியின் காலண்டர் ஆர்டர் வந்திருந்தது. மாதத்துக்கு ஒரு நாடு, கீழே அதன் பட்டப்பெயர். ஆயிரம் ஏரி நாடு பின்லாந்து, இடிநாக நாடு பூட்டான், சூரியன் உதிக்கும் நாடு ஜப்பான் என்று அய்யாதுரையின் மகள் அனுப்பிரியா தேடிப் பிடித்துக் கொடுத்தாள். சொன்னதை மட்டும் அச்சடித்துக் கொடுக்க அய்யாதுரைக்கு எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? ஊர்ப் பெருமை பொங்கி, கடைசியில் இன்னொரு தாளாக "குட்டி ஜப்பான் சிவகாசி, சூரியன் உதிக்கும் ஊர்" என்று தன் செலவில் சேர்த்தார். டூரிஸ்ட்காரர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மற்றதைக் கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம் அச்சாபீசில் கழித்த தாள் எதுவும் குப்பைக்குப் போகாது. பாதி நோட்டுக்கு அட்டையாகும், மீதி அலமாரி விரிப்பாகும். காலண்டர் லோடு ஏற்றப்போன ஊர்க்காவலன் ஒரு கட்டு வாங்கி வந்து, வெக்கை இறங்காமல் இருக்கக் கூரைத் தகரத்துக்கு அடியில் வரிசையாக ஒட்டினான். அந்த வாரமே விடியல் முந்திக்கொண்டது. வள்ளித்தாய் அத்தனையையும் கிழித்து அடுப்பில் வைத்தாள். சூரியன் தவறாமல் வந்தது. தாள் மறைப்பும் போனதால் ஓட்டை வழியாகவும் வந்தது. இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனிடம் முறையிட்டாள். அம்மனிடம் மழை கேட்டுத்தான் ஜனங்களுக்குப் பழக்கம். வெயிலைத் தள்ளிப்போடச் சொன்னால் அவளும் என்ன செய்வாள்?

தெருவுக்கு மட்டும் கொண்டாட்டம். அடைமழைக் காலத்தில் வெயில் அடிக்கிற ஒரே முற்றம், வாசற்படிக்குள் இருந்த அந்த வீட்டு முற்றம்தான். ஈரத்துணி, மிளகாய், ஊறிப்போன பாய் என்று சுமந்து வந்து, கேட்காமல் விரித்தார்கள். முன்னணியில் முருகம்மாள். காக்கை எழுமுன் அவள் வடகம் காய்ந்துவிடும். "ஒனக்கென்ன, ஜப்பான்காரி! கொடுத்து வச்ச மகராசி!" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்வாள். அந்தத் தெருவில் வள்ளித்தாய்க்கு அந்தப் பெயர் வைத்ததே அவள்தான், கூரையில் தாள் ஒட்டின அன்றைக்கே.

பொறுக்கமாட்டாமல் வள்ளித்தாய் அச்சாபீசுக்குப் போய் நின்றாள். "நான் பேப்பர்லதாம்மா அடிச்சேன், ஆகாசத்திலயா அடிச்சேன்?" என்று சொல்லி அய்யாதுரை ஒரு காலண்டரை நீட்டினார். அனுப்பிரியாதான் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "அக்கா, பட்டப்பேரு தானா வச்சுக்கிறதில்ல. ஜப்பான் சீனாவுக்குக் கிழக்க இருக்கு. அங்க நின்னு பார்த்தவுகளுக்கு அந்தத் திசையிலதான் விடிஞ்சிருக்கு. அதான் அப்பிடிச் சொன்னாகளாம்."

வள்ளித்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ மேற்க இருக்கிறவ வாய்தானா எல்லாம்?"

வந்த வேகத்தில் முருகம்மாளிடம் கெஞ்சினாள், "மதினி, கொஞ்ச நாளைக்கு அந்தப் பேரச் சொல்லாதீக. வேலையே போயிரும்." முருகம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் அப்பளம் காயப்போடுகிற வரைக்கும் நின்றது. "ஒரு பேருக்கா இம்புட்டுச் சடவு, ஜப்பான்காரி? அந்த வீடு மட்டும் எனக்கு இருந்தா நான் ராணி மாதிரி இருப்பேன்" என்றாள்.

"அப்போ மாத்திக்கிருவமா மதினி?"

இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருத்தர்தான், வாடகையும் ஒன்றுதான். வள்ளித்தாய் சொல்லி வாய் மூடுமுன் முருகம்மாளின் வடகத் தட்டு கிழக்கோரத்து வீட்டில் இருந்தது. மேற்கு வீட்டில் வள்ளித்தாய் படுத்தவள், காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துத்தான் எழுந்தாள். கண்ணுச்சாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்து ரூமுக்குள் விட்டார்.

கிழக்கோரத்து வீட்டில் ஊரோடு ஒட்டித்தான் விடிந்தது. முருகம்மாள் கொதித்துப்போனாள். "எங்கடி என் வெயிலு? ஏமாத்திப்புட்டியே!" வள்ளித்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது, இப்போது மேற்கே இருப்பது தானேதான், பெயர் வைக்கிற வாய் தன்னுடையது என்று. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கேட்டதைக் கொடுக்காமல் இருப்பது நல்ல பழக்கமா? "இம்புட்டுதானா? வந்துரும், ஜப்பான்காரி" என்றாள்.

மார்கழி பிறப்பதற்குள் முருகம்மாள் கண் சிவந்து, வாய் குழறி, வடகத்தைக் காக்கைக்கு விட்டுவிட்டு வந்து நின்றாள். "ஏத்தா, ஒன் கால்ல விழுகேன், அந்தப் பேர விட்ரு." வள்ளித்தாய் பதறிப்போய், "ஐயய்ய, இனிச் சொல்வனா மதினி?" என்றாள். அவள் நல்லவள்தான், யாரும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வரும்போது மட்டும் கிழக்கே ஒரு எட்டுப் போய், "சாப்பிட்டீகளா, ஜப்பான்காரி?" என்று கேட்டுவிட்டு வருவாள், அக்கம்பக்கம் என்றால் விசாரிக்க வேண்டாமா?

கிழக்கோரத்து வீட்டில் இன்றைக்கும் மூன்றரை மணி நேரம் முன்னதாகத்தான் விடிகிறது. தெரு துணி காயப்போடுகிறது. வள்ளித்தாய் அதைப் பார்த்ததில்லை. அந்நேரம் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.